சூடானால் இறங்கும் முள்

— தார்ப்பாயைக் கீழ போடு, தம்பி. மூணு வருஷம் கழிச்சு இந்தப் பட்டறைக்குள்ள கால் வெச்சிருக்க. வந்ததும் வராததுமா யாரைக் கேட்டு இந்தக் காரைத் தொடுற?

— ஞாயித்துக்கிழமை மலையேத்தப் போட்டியில நீங்க ஓட்டப் போறதா கேள்விப்பட்டேன், அண்ணி.

— அதுக்குள்ள ஊரெல்லாம் பரவிருச்சா? ஆமா, ஓட்டத்தான் போறேன். உங்கண்ணனுக்குக் கை போனதுலேருந்து இது மூலையில கெடந்து மக்குது. விக்கலாம்னா இரும்பு விலைக்குக் கேக்குறாங்க. ரோட்டரி எஞ்சின், உள்ள பிஸ்டனே கிடையாதுன்னு சொன்னாலே பேய் புடிச்ச வண்டியைப் பாத்த மாதிரி ரெண்டடி தள்ளி நிக்கிறாங்க.

— ஆயில் பிரஷர் எவ்வளவு நிக்குது?

— உனக்கெதுக்கு அது?

— கேட்டுட்டுப் போயிடுறேன், அண்ணி.

— ஸ்டார்ட் பண்ணினதும் அஞ்சுக்கு மேல காட்டுது. நேத்து அரைமணி நேரம் ஓட விட்டேன். சூடாக ஆக இறங்கி, ரெண்டுல வந்து உக்காந்துக்கிச்சு.

— ரெண்டுல வெச்சு மலையேத்தினா பேரிங் வெந்துடும்.

— இதைச் சொல்லத்தான் பஸ் டிப்போவுக்கு லீவு போட்டுட்டு வந்தியா? எனக்குத் தெரியாதா? புது பம்ப் விலைக்கு நாலு டயரும் வாங்கிட்டு மிச்சம் வரும். அதான் வாஷர் வழி. சம்பை, அதான் அடியில இருக்குற ஆயில் தொட்டியை இறக்கி, பின்னாடி இருக்குற பிரஷர் ரெகுலேட்டரைக் கழட்டி, ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு வாஷர். ஸ்பிரிங் இறுகிச்சுன்னா ஆயில் அவ்வளவு சுலபமா தொட்டிக்குத் திரும்பாது, மீட்டர் முள் ஏறும். உனக்கு மறந்திருக்காதே. மூணு வருஷம் முன்னாடி இதே போட்டிக்கு உங்கண்ணன் உன்னைப் போடச் சொன்னதும் இதே வாஷர்தான்.

— மறக்கலை.

— போட்டாச்சுன்னு சொன்ன.

— ஆமா.

— அப்புறம் ஆஸ்பத்திரில வெச்சு, போடவே இல்லைன்னு ஒத்துக்கிட்ட.

— ஆமா, அண்ணி.

— ஏழாவது வளைவுல முள் விழுந்துச்சு. மனுஷன் ரோட்டைப் பாக்காம முள்ளைப் பாத்தாரு. பாறையில போய்ச் சொருகினப்பவும் எஞ்சினை அணைக்கத் தோணிச்சு பாரு, அவருக்கு. எஞ்சின் பொழச்சுது. வலது கை நசுங்கி விளங்காம போச்சு. இப்ப சொல்லு, என்ன தைரியத்துல வந்து நிக்கிற?

— நானே சரி பண்ணிக் குடுத்துட்டுப் போறேன். எனக்கு ஒரு மூணு மணி நேரம் குடுங்க. நீங்க போய் டயரைப் பாத்து வாங்கிட்டு வாங்க. வர்றப்ப முள் சரியா நிக்கும்.

— ஆமாமா. உன்னை நம்பி விட்டுட்டுப் போய் ஒருதரம் பட்டது போதாதாக்கும்.

— அப்போ கொஞ்சம் டீயாவது...

— டீயும் கிடையாது, டயரும் கிடையாது. அந்த வாளியை இங்க தள்ளு. நானும் அடியில வர்றேன். நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம் போல்ட்டைக் கழட்டுறேன்.

— அண்ணன் எங்க, அண்ணி?

— இன்னிக்குக் கைக்குப் பயிற்சி நாள். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லி உக்கார வெச்சிருப்பாங்க. வர சாயங்காலம் ஆகும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுதானே வந்திருக்க? புடி, புடி, சரியுது பாரு!

— புடிச்சுட்டேன். மெதுவா இறக்குங்க.

— ஆயில் பரவாயில்லை. இரும்புப் பொடி எதுவும் இல்லை. பேரிங் நல்லாத்தான் இருக்கு போல.

— ரெகுலேட்டரை நான் கழட்டுறேன், அண்ணி. முகத்துல சொட்டும்.

— சொட்டட்டும். முகத்துல ஆயில் படாத நாள் எது எனக்கு? மூணு வருஷமா நாந்தான் தம்பி எல்லாத்துக்கும். கியர் பாக்ஸ் இறக்குறதும் நான், லேத்துல நிக்கிறதும் நான், கஸ்டமர்கிட்ட கத்துறதும் நான். மொதல்ல உங்கண்ணன் ஸ்டூல்ல உக்காந்து வாயால சொல்லுவாரு. இப்பல்லாம் சொல்றதும் இல்லை. இந்தா, வந்துருச்சு. வைஸ்ல வெச்சு மூடியைத் திருப்பு. ஏன் நிக்கிற?

— இது... இதைத் திறக்காட்டியும் பரவாயில்லை. மேலயே கொஞ்சம் அமுக்கி விட்டா...

— திறடா.

— திறக்குறேன்.

— ஸ்பிரிங்கை இழு. அது என்ன அடியில?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாததா பளபளன்னு மின்னுது? வெளிச்சத்துல காட்டு. வாஷர்.

— ஆமா.

— கடைஞ்ச வாஷர். ஓரம் மழிச்சு, ரெண்டு மில்லி. இது கம்பெனில வர்றது இல்லை. நம்ம லேத்துல ஓட்டினது. யாரு போட்டது?

— நாந்தான்.

— எப்போ?

— அன்னிக்குத்தான். போட்டிக்கு மொத நாள்.

— அப்போ ஏன்டா போடலைன்னு சொன்ன? எதுக்கு ஆஸ்பத்திரி வராந்தால எல்லார் முன்னாடியும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்ன? உங்கம்மா உன்கூடப் பேசறதை விட்டாங்க. நான் உன்னை வாசல்ல வெச்சே போகச் சொன்னேன். உன் துணிமூட்டையை நானே தூக்கி வெளிய வெச்சேன்.

— பயத்துல உளறிட்டேன், அண்ணி. போட்டோமா இல்லையான்னு எனக்கே சந்தேகமாயிருச்சு.

— ரெண்டு மில்லிக்கு அளந்து ஓரம் மழிச்சவனுக்குச் சந்தேகமா? யாருகிட்ட சொல்ற? சரி, அதை அப்புறம் கேக்குறேன். இப்ப ஒண்ணு சொல்லு. வாஷர் உள்ள இருக்கு. ஸ்பிரிங் இரும்பாட்டம் நிக்குது. அப்புறமும் முள் ஏன் விழுது?

— பம்ப் தேஞ்சிருக்கும்.

— பம்ப் தேஞ்சா ஸ்டார்ட்லயே அஞ்சு ஏறாது.

— ஆயில் கெட்டியா இருக்குற வரைக்கும் ஏறும், அண்ணி.

— சூடாகி நீர்த்துட்டா எங்கயோ ஓட்டை வழியா ஒழுகுது. அப்படித்தானே? வெளிய ஒரு சொட்டு சிந்தலை. உள்ளயே, வழியிலயே ஒழுகி தொட்டிக்குத் திரும்புது. நீ ஏன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குற?

— மணி ஆகுது. வாஷரை இன்னும் கொஞ்சம் கெட்டியா கடைஞ்சு போட்டுடலாம். மூணு மில்லி. நீங்க லேத்துல நில்லுங்க, நான் அதுக்குள்ள முன்பக்கத்தைத் துடைச்சு...

— முன்பக்கத்துல என்ன வேலை உனக்கு?

— துடைக்கத்தான்.

— சட்டைப் பையில என்ன அது?

— டிப்போ சீட்டு.

— சீட்டு உருண்டையா இருக்குமா? எடு. நீயா எடுக்குறியா, நான் எடுக்கவா?

— அண்ணி, வேணாம்.

— ரப்பர் வளையம். விரல்ல மோதிரமா போட்டுக்கலாம் போல இருக்கு. முன் மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஆயில் போற ஓட்டையைச் சுத்தி உக்கார்ற வளையம். புதுசு. இதை வாங்கி வெச்சுக்கிட்டுத்தான் என்னை டயர் வாங்கவும் டீ போடவும் அனுப்பப் பாத்தியா?

— மூடியைத் திறந்து மாத்திட்டு, மூடிட்டுப் போயிடலாம்னு நினைச்சேன். நீங்க ஓட்டப் போறீங்கன்னு தெரிஞ்சப்புறம் சும்மா இருக்க முடியலை.

— அந்த மூடியை மாட்டினது நான்.

— தெரியும்.

— மூடிக்கு முன்னாடி இருக்குற புல்லியைக் கழட்டு.

— வேணாம், அண்ணி. நான் சொல்றதைக் கேளுங்க...

— கழட்டுன்னு சொன்னேன். இல்லை, நீ தள்ளு. என் கையால மாட்டினதை என் கையாலயே கழட்டுறேன்.

— அடியில ரெண்டு போல்ட்டு இருக்கு. நீளமானது இடது பக்கம்.

— எனக்குச் சொல்லித் தர்றியா? போட்டிக்கு மொத நாள் சாயங்காலம் இந்த பெஞ்சு மேலதான் எம் பொண்ணு படுத்திருந்தா. நூத்தி மூணு காய்ச்சல். ஒரு காதை அவகிட்ட வெச்சுக்கிட்டு மாட்டினேன். கேஸ்கெட் ஒட்டினேன், வளையத்துக்கு கிரீஸ் தடவினேன். தடவினேனா? தடவினேன்னுதான் நினைப்பு. ஸ்க்ரூ டிரைவரைக் குடு. இன்னும் ஒரு நெம்பு.

— பாத்து. வந்துருச்சு.

— விளக்கைக் கிட்ட கொண்டா.

— இதோ.

— குழியிலயே உக்காரலை. பாதி வெளிய நின்னிருக்கு. மூடி அதை அப்படியே கத்தரிச்சிருக்கு பாரு. பல்லால கடிச்ச மாதிரி.

— ஒரு வாய் தண்ணி குடிங்க, அண்ணி.

— குளிர்ல ஆயில் கெட்டியா இருந்ததால தாங்கிச்சு. சூடானதும் இது வழியா ஒழுகிச்சு. ஏழாவது வளைவு வரைக்கும் வந்தா சூடாகத்தானே செய்யும்.

— அது யாருக்கும் நடக்கும். நானும் ஒருதரம் டிப்போல இதே மாதிரி...

— பேசாத. பழசை அந்தத் துணியில வை. எறியாத. குழியை நல்லா கழுவு. புதுசை நான் போடுறேன். கிரீஸ் எங்க? நீயே பாரு, நான் தடவுறதை நீ பாரு. விளிம்புல சுத்தி விரலை விட்டுப் பாக்குறேன். உக்காந்திருக்கா?

— உக்காந்திருக்கு.

— நீயும் தொட்டுப் பாரு.

— நல்லா உக்காந்திருக்கு, அண்ணி.

— மூடியைத் தூக்கு. நேரா. இப்ப நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இந்த வளையம்தான்னு உனக்கு எப்போ தெரியும்?

— ஆஸ்பத்திரில.

— எஞ்சினை யாரும் திறக்கலையே அப்போ?

— திறக்க வேண்டியதில்லை. முள் விழுந்த விதத்தைக் கேட்டாலே தெரியும். மொதல்ல நல்லா நின்னு, சூடானப்புறம் இறங்கிச்சுன்னா அது ஸ்பிரிங்கோட கோளாறு இல்லை.

— எனக்காகப் பொய் சொன்ன. மூணு வருஷம் பெத்த தாயைப் பாக்காம இருந்த. யாராவது உன் பேரை எடுத்தா உங்கண்ணன் சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போனாரே, அதையும் பொறுத்துக்கிட்ட. சாயங்காலம் அவரு வரட்டும். இந்த அறுந்த வளையத்தை அவரு கையில வெச்சு, நாந்தான்னு சொல்லப் போறேன். என்ன நடக்குதோ நடக்கட்டும்.

— அவருக்குத் தெரியும், அண்ணி.

— என்ன தெரியும்?

— முள் எப்படி விழுந்துச்சுன்னு என்கிட்ட சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்க. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி அண்ணன் சொன்னாரு: "என் கை போயிருச்சு. அவ மாட்டின மூடிதான் காரணம்னு தெரிஞ்சா அவ இனிமே ஸ்பேனரைத் தொட மாட்டா. வீட்டுக்கு ஒரு கையாவது வேணும்டா, நீ வாஷரைப் போடலைன்னு சொல்லிடு"ன்னு.