பச்சைக் கோடு

எனக்கு வேர்க்கடலை என்றால் உயிர். ஆனாலும் முப்பது வருடங்களில் பந்தயத் திடலுக்குள் ஒரு கடலையைக்கூட நான் உடைத்ததில்லை. இந்தக் கரோலினா பக்கத்துக் கார்ப் பந்தயக்காரர்களுக்குத் தோலோடு கடலை ஆகாது, அபசகுனம்; பச்சை நிறம் அதைவிட ஆகாது. நீங்களும் இந்த ஊர்க்காரர்தான் ஐயா, உங்களுக்குத் தெரியாததில்லை.

போல்ட்டை இறுக முறுக்கியதும் அதன் தலையில் ஒரு வண்ணக் கோடு போடுவது எங்கள் பட்டறை வழக்கம். எதை யார் முறுக்கினார் என்று தெரிய ஆளுக்கொரு நிறம். என்னுடையது ஆரஞ்சு. என் தம்பி டுவைட் வேண்டுமென்றே பச்சையை எடுத்தான்.

"ஏன்டா வம்ப விலைக்கு வாங்குற?" என்று கேட்டேன்.

"என் பேனாவ எவனும் திருட மாட்டான் பாரு," என்று சிரித்தான்.

பதினோரு வருடங்களுக்கு முன் எங்கள் கார் மூன்றாம் வளைவில் சுவரில் மோதியது. ஸ்டீயரிங் கம்பியின் போல்ட் தளர்ந்திருந்தது. ஓட்டியவருக்கு இடது கால் போயிற்று. தலைமை மெக்கானிக் ராய்ஸ் லெட்பெட்டர் காருக்கடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பச்சையக் கொண்டாந்து வச்சியே, இப்ப நிம்மதியா?" என்று எல்லோர் முன்னாலும் டுவைட்டிடம் கேட்டார். டுவைட் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "நான்தான் சரியா முறுக்கல," என்றான். அன்றே அவன் வேலை போயிற்று. அதன்பின் எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. கோழி வெட்டும் ஆலையில் மூன்று வருடம் நின்றான். அப்புறம் வேட்டைத் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டான்.

ஒருவன் 'நான்தான்' என்று சொன்னால் உடனே நம்பிவிடுவதா? நீங்கள் காலையிலிருந்து இந்த ஸ்டேஷனில் என்னை எத்தனை கேள்வி கேட்டுவிட்டீர்கள். ராய்ஸ் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. அந்த ஆளை நான் மனதார வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே அவரிடம் வேலை பார்த்தேன், அவர் வீட்டில் பொரித்த கோழி சாப்பிட்டேன்.

போன வருடம் அவர் மகன் கோல்பி எங்கள் காரை ஓட்ட வந்தான். தங்கமான பிள்ளை. பந்தய நாள் காலையில் பன்றிக்கறி வைத்த ரொட்டி எனக்கென்று தனியாக வாங்கி வருவான். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை அதே இடத்துப் போல்ட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, புதிதாக வாங்கிய பச்சைப் பேனாவால் கோடு போட்டேன். ராய்ஸ் வந்தார்.

"முடிஞ்சுதா வெர்னன்?"

"முடிஞ்சுது."

அவர் இந்தத் தடவையும் குனியவில்லை. குனிந்திருந்தால் கோல்பி இன்று இருந்திருப்பான். அந்த வாய்ப்பை நான் அவருக்குக் கொடுத்தேன்.

பந்தயம் தொடங்குமுன் மெதுவாகச் சுற்றி வரும்போது கோல்பி ரேடியோவில் கூப்பிட்டான். "ஸ்டீயரிங் கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கே."

ராய்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானே ரேடியோவை வாங்கினேன். "டயர் புதுசுப்பா. ரெண்டு சுத்து போனா சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரி மாமா."

பன்னிரண்டு சுற்று ஓடினான். பதின்மூன்றாவதில் அதே வளைவு, அதே சுவர்.

நொறுங்கிய காரை இழுத்து வந்தபோது ராய்ஸ் முழங்காலிட்டு அடியில் பார்த்தார். பச்சைக் கோட்டைக் கண்டதும் அவர் முகம் செத்துவிட்டது. பதினோரு வருடமாக நான் காத்திருந்தது அந்த முகத்துக்குத்தான். மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"டுவைட்டுக்காகவாடா?" என்று அழுதார். "அவனே ஒத்துக்கிட்டானேடா வெர்னன்."

பேச்சைப் பாருங்கள். இதேபோல அன்றைக்குக் குனிந்திருந்தால் என் தம்பி இன்று உயிரோடு இருப்பான். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குத் தளர்ந்திருந்த அந்தப் போல்ட்டில் இருந்தது ஆரஞ்சுக் கோடு, ஐயா.