காலையில் பத்து, மாலையில் பத்து

வயதான பிறகு உடம்பில் பலம் வைத்துக்கொள்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தினமும் கொஞ்சம், விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டி, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். எனக்கு அறுபத்தாறு வயது. இந்தச் சில மாதங்களில் என் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

இதைக் கேட்பதற்கு நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை என்று தெரியும். உங்கள் ஆஸ்பத்திரி விசாரணையில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: என் மனைவியின் பயிற்சித் தாளில் டிக் போட்டது யார். வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் மேல் தப்பில்லை. டிக் போட்டது நான். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் நாற்பத்தொரு வருடம் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கியவன். அங்கே என் பெயரை யாரும் சொன்னதில்லை, கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குத் தராசு வேண்டாம். மூட்டையை முதுகில் வாங்கினால் ஒரு கிலோ குறைச்சலாக இருந்தாலும் சொல்லிவிடுவேன். பிறகு அங்கே ஓடும் பெல்ட் வந்தது. மூட்டைகள் தாமாகவே லாரிக்குப் போயின. எங்களுக்கு ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் எனக்கு வேலை இல்லை. சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எல்லாம் அவள் கைக்குள் இருந்தது. நான் அறை நடுவில் நிற்பேன், அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போவாள்.

"கிரேனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, எங்க நிறுத்தி வைக்கறதுன்னு சொல்லாம விட்டுட்டாங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பெருக்கணும்," என்பாள்.

கேலிதான். நானும் சிரிப்பேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். பென்சிலை அமுக்கி அமுக்கித் தாளைக் கிழிப்பேன். "மெதுவா பிடிங்க, அது மூட்டை இல்ல," என்பாள். ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை.

எங்கள் மகள் இருப்பது மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. பிள்ளை உண்டானதும் அம்மாவைக் கூப்பிட்டாள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் வந்து, குழந்தை தவழும்வரை கூட இருக்கவேண்டும் என்றாள். இவள் அன்றைக்கே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். "அப்பாவுக்குத்தான் படுக்க இடமில்லைம்மா," என்று மகள் போனில் சொன்னது எனக்கும் கேட்டது.

"அவருக்கென்ன, சமைச்சுப் பழகட்டும். நல்லதுதான்," என்றாள் இவள்.

ஒன்பது மாதம் தனியாக அந்த வீட்டில் எங்கே நிற்பது என்று மட்டும் நினைத்தேன்.

அடுத்த மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அதை நான் செய்யவில்லை. ஆனால் இப்படி ஒரு வார்த்தை எழுதவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. தொடை எலும்பு முறிந்து, உங்கள் ஆஸ்பத்திரியில்தான் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பயிற்சிப் பெண் வந்து சுவரில் தாளை ஒட்டினாள்.

"எலும்பு தானா கூடிடும்மா. சதை அப்படியில்ல. இந்த வயசுல சும்மா படுத்துட்டா போயிடும், போனா லேசுல திரும்பாது. வலிச்சாலும் எழுந்துக்கணும்," என்றாள்.

"நாப்பத்தெட்டு படிம்மா. ஏறிடுவேனா?" என்று இவள் கேட்டாள். மருமகனை விட்டு முன்பே எண்ண வைத்திருக்கிறாள்.

"பேரப்பிள்ளை வர்றதுக்குள்ள ஏறிடுவீங்க. நான் கீழ நின்னு எண்ணறேன்."

முதல் நாள் மூன்று தடவை எழுந்தாள். நாலாவதில் அழுதுவிட்டாள். நான் அவளைத் தூக்கிக் கட்டிலில் விட்டேன். தாளில் கட்டம் காலியாக இருந்தது. "மிச்சம் ஏழு தடவை நான் செஞ்சிடறேன்," என்று சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏழு தடவை எழுந்து காட்டினேன். அழுகையோடு சிரித்தாள். "போடுங்க டிக், ஒரே வீடுதானே," என்றாள். போட்டேன். அது விளையாட்டு. அந்த ஒரு நாளுக்காக நீங்களும் என்னைக் குற்றம் சொல்லமாட்டீர்கள்.

மறுநாள் அவள் நான்கு, நான் ஆறு. அதற்கு மறுநாள் அவளுக்குக் காய்ச்சல், பத்தும் நான். அந்த வாரங்களில் ஒரு நாளைக்கு இருபது தடவை "ஏங்க" என்று கூப்பிட்டாள். சர்க்கரை டப்பா எங்கே, மாத்திரை எத்தனை, எந்தத் துணி எந்த அலமாரியில் என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். குளியலறைக்கும் ஜன்னலுக்கும் நானே தூக்கிப் போனேன். அவளாக எழுந்திருக்கப் பார்த்தால், "இரு, நான் எதுக்கு இருக்கேன்," என்பேன். இப்படிச் சொல்கிற புருஷனை யாரும் கெட்டவன் என்று நினைக்கமாட்டார்கள்.

தாளில் ஒரு கட்டமும் காலியில்லாமல் நிரம்பிக்கொண்டே போனதால் பயிற்சிப் பெண் நேரில் வருவதை நிறுத்தினாள். அவளுக்கு முப்பது வீடு. திங்கட்கிழமை போன் செய்வாள், நான் தாளைப் பார்த்து வாசிப்பேன். அதை வைத்து டாக்டரும் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப் போட்டார்.

ஐந்தாவது வாரம் நான் காய்கறி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மேல் உதடு வியர்த்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ஆறு," என்றாள். "ஆளில்லாம ஆறு. உங்களுக்குத் தெரியாம ஒரு வாரமா செய்யறேன். இன்னும் நாலு மாசம் இருக்குங்க, ஏறிடுவேன்."

பையைக் கீழே வைத்தேன். அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தேன். வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து, டாக்டர் போன் செய்தார் என்று சொன்னேன். கடைசியாக எடுத்த எக்ஸ்ரே படத்தில் கம்பி நகர்ந்திருக்கிறதாம். இனிமேல் அவர் சொல்லும்வரை நிற்கக் கூடாதாம்.

"நிக்கவேவா?"

"நிக்கவே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாற்பது வருடத்தில் நான் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அதனால் இது எடுபட்டது.

நாற்காலியைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு நானே செய்தேன், காலையில் பத்து, மாலையில் பத்து. மணல் பையையும் என் காலில் கட்டிக்கொண்டேன். அரை கிலோ, பிறகு ஒன்று, பிறகு இரண்டு. பெரிய பைகளை உங்கள் ஆஸ்பத்திரிக்கு நானே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனேன். செய்யாத நாளுக்கு நான் டிக் போட்டதே இல்லை. தாளில் உள்ள எண்ணிக்கை ஒவ்வொன்றும் உண்மை, உடம்புதான் வேறு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளைத் தூக்க எனக்குப் பலம் வேண்டாமா என்றும் சொல்லிக்கொண்டேன்.

கிடங்கில் கூட வேலை பார்த்தவன் ஒருவன் டீக்கடையில் என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்னண்ணே, எங்களுக்கெல்லாம் வயசு முன்னால போகுது, உனக்கு ரிவர்ஸ்ல போகுது. வீட்டுல என்ன போடறாங்க?" என்றான். கடையே சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு வீட்டுக்குப் போக ஒரு நிமிடம் கூச்சமாகவும் இருந்தது.

மகளிடமும் கம்பி நகர்ந்த கதையைத்தான் சொன்னேன். அவளையும் படி இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் வந்து பார்க்கவில்லை. பயிற்சிப் பெண் ஒருதடவை, "நேர்ல வந்து பாத்துட்டுப் போகட்டுமா ஐயா?" என்று கேட்டாள். நான் வாசலில் நின்று பேசினேன். "அவ இப்ப வீட்ல இல்லம்மா. கடைக்குப் போயிருக்கா, நடந்தே," என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. "முப்பது வீட்டுக்குப் போறேன் ஐயா. ஒரு வீட்லதான் இப்படிச் சேதி வருது. உங்களை மாதிரி ஒருத்தர் எல்லா வீட்லயும் இருக்கணும்," என்றாள். உள்ளே என் மனைவி தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தூக்கும்போதெல்லாம் முதுகு சொல்லிவிடும். வீட்டுக்கு வந்தபோது ஐம்பத்தெட்டு கிலோ. இரண்டாம் மாதம் ஐம்பத்து மூன்று. அப்புறம் நாற்பத்தொன்பது. ஈரத் துணியால் துடைக்கும்போது தொடை என் ஒரு கைக்குள் அடங்கத் தொடங்கியது. எந்த டாக்டருக்கும் முன்னால், வாராவாரம் எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரியும்.

"உங்களுக்குப் பாரமாயிட்டேன்," என்றாள் ஒருநாள்.

"நீ பாரமா? ஒரு மூட்டைகூடத் தேறமாட்டே," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அது நிற்க மாட்டேன் என்கிறது.

பேத்தி பிறந்து பதினோராம் நாள், "ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடறேன், டாக்டர்கிட்ட கேளுங்க," என்றாள். "கேட்டேன், தூக்கிக்கிட்டுப் போகலாம்னார்," என்று அவளிடம் சொன்னேன். கீழ்ப்படியில் அவளை முதுகில் வாங்கினேன். நாற்பத்தெட்டுப் படியையும் ஒரே மூச்சில் ஏறினேன். இரண்டாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "இப்படி ஒரு புருஷனுக்குக் குடுத்து வச்சிருக்கணும்," என்றாள். என் கழுத்தைக் கட்டியிருந்த கைகள் அங்கேயே நழுவத் தொடங்கின. நான் அவற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சோபாவில் உட்காரவைத்தோம். மகள் குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். மூன்று கிலோ. கைகள் நடுங்கின. தலையைத் தாங்கிய முழங்கை மெல்லக் கீழே போயிற்று. மகள் பாய்ந்து குழந்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி, நீயே வச்சுக்கோ," என்றாள் இவள், யாரையும் பார்க்காமல்.

மகள் அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, என்னப்பா இது?" என்றாள். நான் குழந்தை யார் ஜாடை என்று ஏதோ பேசினேன்.

மறுநாள் உங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள். தாளோடு பயிற்சிப் பெண்ணும் வந்திருந்தாள். "ரெண்டு கிலோ கட்டி பத்து தடவை தூக்கின காலா இது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். இனி நடக்க வைப்பது கடினம், நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

"நீங்கதானே டாக்டர் நிக்கக் கூடாதுன்னீங்க, கம்பி நகர்ந்திருக்குன்னு," என்றாள் என் மனைவி.

"நானா? அப்படி யார் சொன்னது? கம்பி போட்ட இடத்துலதான் இருக்கு," என்றார் அவர்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை, மூட்டையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றுகிற நேரம்தான். அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது.

"யாரும் சொல்லல," என்றாள். "நான்தான் வலிக்குப் பயந்து அப்படிச் சொல்லிக்கிட்டேன். பயிற்சியும் நான்தான் செய்யல. அவர் பாவம், என்னைத் திட்டுவாங்கன்னு டிக் போட்டிருப்பார்."

நான் சும்மா நின்றேன். அவள் சொன்னதைத்தான் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அது பொய். டாக்டர் எனக்குப் போன் செய்யவே இல்லை. எழுந்து நின்றுவிட்ட ஒருத்தியை நான்தான் படுக்கவைத்தேன். அவள் நடந்தால் போய்விடுவாள் என்பதற்காக, நூறு நாளுக்கு மேல், தினமும், தெரிந்தே செய்தேன். அந்தப் பெண்ணுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு என்ன செய்யவேண்டுமோ செய்யுங்கள், நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

இப்போது அவள் மகள் வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கு நான் படியேற்றி விட்டதும், "வீட்டுக்குப் போங்க," என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. புதன்கிழமை அவளை மறுபடி உங்களிடம் கொண்டுவர வேண்டும், படியில் இறக்க ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு ஆட்கள் நாற்காலியோடு வருகிறார்கள் என்று மருமகன் சொன்னார். அவளே கேட்டு ஏற்பாடு செய்ததாம். ஏதோ கோபத்தில் சொல்லியிருப்பாள். அந்த ஆட்களை அனுப்பவேண்டாம், அவர்களுக்கு அவளைத் தூக்கத் தெரியாது. காலை எட்டு மணிக்கே நான் அங்கே வந்துவிடுவேன்.