ஏழாம் நம்பர் கணினியில் நான் வைத்தது

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் முதலாளி டெல்ஃபினின் கைபேசி அணைந்தே கிடக்கும். சேவல் சண்டைக்குப் போய்விட்டால் அவர் யாருக்கும் அகப்படமாட்டார். கடையின் அட்மின் பாஸ்வேர்டு அவர் தலைக்குள் இருந்தது. அவர் தலை சேவல்களத்தில் இருந்தது. எங்கள் ஊரான இலோயிலோவில், லா பாஸ் சந்தைக்கு எதிரே உள்ள இணைய விளையாட்டுக் கடையில், இருபத்திரண்டு கணினிகளையும் அவற்றின் முன்னால் உட்கார்ந்து கத்தும் பையன்களையும் வைத்துக்கொண்டு நான் மட்டும் இருப்பேன்.

உங்கள் நிறுவனத்து விளையாட்டைத் தொடங்கிவைக்கும் லாஞ்சரில் ஓட்டை இருப்பதாக நான் அனுப்பிய நான்கு வரிகளுக்கு நீங்கள் இரண்டு கேள்விகளைப் பதிலாக அனுப்பியிருந்தீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இதை யாராவது தவறாகப் பயன்படுத்தியது உங்களுக்குத் தெரியுமா? மரியாதையாகக் கேட்டிருந்தீர்கள். அதனால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கடைகளில் கணினிகளை உறைய வைத்திருப்போம். அணைத்துத் திறந்தால் முன்பு நடந்தது எல்லாம் அதற்கு மறந்துபோகும். பையன்கள் எதை இறக்கிக் கெடுத்திருந்தாலும் காலையில் சுத்தமாக எழுந்திருக்கும். ஆனால் விளையாட்டுகள் இருக்கும் வட்டை மட்டும் உறைய விடமாட்டோம். விட்டால் உங்கள் அப்டேட்டைத் தினமும் புதிதாக இறக்க வேண்டும். இங்கே இணையம் ஓடுகிற லட்சணத்துக்கு அது சாயங்காலம் வரை நடக்கும். அந்த வட்டில் ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் எதையும் வைக்கலாம். கணினி எழும்போது உங்கள் லாஞ்சரும் கூடவே எழுந்து, டெல்ஃபினுக்கும் மேலான அதிகாரத்தோடு, அங்கே கிடப்பதை எடுத்து இயக்கிவிடுகிறது. இதை யார் வைத்தது என்று அது கேட்பதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தேர்வுத் தாளை அச்செடுக்க வந்து நின்றாள். அச்சு இயந்திரம் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டது. டெல்ஃபினின் கைபேசி வழக்கம்போல அணைந்திருந்தது. எங்கேயாவது ஒரு வழி இருக்காதா என்று துழாவியபோது இந்தக் கோப்புறை கண்ணில் பட்டது. அரை மணி நேரத்தில் டீச்சர் தாள்களோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் நானே முதலாளியாக இருந்தேன். ஒரு பைசாவுக்குக் கெட்டது செய்ததில்லை. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்.

இரண்டாவது கேள்விக்கு என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜுன்ரேக்கு மூன்று வயதும் எனக்குப் பதினாலும் இருக்கும்போது அம்மா ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் என்று சொன்னாள். போவதற்கு முன்பு அவன் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை நான் வரைந்து அனுப்புவேன். அந்த அளவுக்கு அவள் செருப்பு வாங்கி அனுப்பும் பெட்டி கப்பலில் வந்து சேர்வதற்குள் அவன் வளர்ந்துவிடுவான். செருப்பு காலுக்குள் போகாது. அவன் அழுவான், நான் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன். அம்மா இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், அங்கே அவளுக்கு வேறொரு குடும்பம். கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள். எங்கள் வீட்டிலிருந்து விமானம் ஏறியவர்கள் திரும்பி வந்ததாக எனக்குத் தெரியாது. இதை நியாயம் கற்பிக்கச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

வீட்டில் தனியாக விட முடியாமல் அவனைக் கடைக்குக் கூட்டிவந்தேன். ஏழாம் நம்பர் கணினி என் மேஜையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். அதனால் அங்கே உட்கார வைத்தேன். அப்படித்தான் அவன் விளையாட்டில் சுடக் கற்றுக்கொண்டான். பதினேழு வயதில் அவன் ஆடும்போது மற்ற பையன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொள்வார்கள்.

"அக்கா, ஒன் தம்பி கை என்னா கையா? அதுக்கு ஒரு சிலை வெச்சிரலாம்."

"மொதல்ல அந்தக் கையால தட்டக் கழுவச் சொல்லுங்கடா" என்பேன்.

"தட்டுக்கு அட்மின் வேணும்க்கா" என்பான் ஜுன்ரே, திரும்பாமலே. கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவனால் கிடைத்த சந்தோஷத்துக்கு நான் எப்போதும் நன்றி மறந்ததில்லை.

பத்தொன்பது வயதில் அவனை ஜகார்த்தாவில் உள்ள ஒரு விளையாட்டுக் குழு கூப்பிட்டது. தகுதிப் போட்டியில் கடைசி ஆட்டத்தை நன்றாக ஆடினால் போதும். அடுத்த வாரமே கிளம்ப வேண்டும். அந்தக் குழுவின் மேலாளர் ஹேந்த்ரா என்னிடமும் திரையில் பேசினார். நல்ல மனிதர். அவனுக்கு மீன் பிடிக்குமா, காரம் பிடிக்குமா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஜுன்ரே பெட்டி வாங்கி வந்து, அதைத் திறந்து தரையில் வைத்து, உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, நீ இதுக்குள்ள அடங்கிருவ. மடிச்சு வெச்சு ஒன்னயும் தூக்கிட்டுப் போயிர்றேன்."

"நான் எதுக்குடா அங்க?"

"ரெண்டே வருசம்க்கா. முடிச்சிட்டு வந்துர்றேன்."

இரண்டு வருஷம் என்றான். வேறு எந்தக் கணக்கைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை விட்டிருப்பேன்.

போட்டி சனிக்கிழமை மதியம். கடையிலேயே ஆடலாம் என்று அனுமதித்திருந்தார்கள். அன்று காலை கடையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, மவுஸ்களை எல்லாம் துடைத்தேன். அதன் பிறகு அந்தக் கோப்புறை வழியாக ஏழாம் நம்பரில் ஒரு திருட்டு நிரலை வைத்தேன். தானாகக் குறிபார்த்துக் கொடுக்கிற வகை. இருப்பதிலேயே பழையதாக, எல்லோருக்கும் தெரிந்ததாகத் தேடி எடுத்தேன். உங்கள் காவல் நிரல் அதைக் கண்டுபிடிக்காமல் போய்விடக் கூடாது. அந்தத் திருட்டு நிரல் வேலை செய்யாதபடியும் பார்த்துக்கொண்டேன். அன்று அவன் சுட்ட ஒவ்வொரு குண்டும் அவனுடையதுதான். அதில் நான் கை வைக்கவில்லை. கணினியை அணைத்துத் திறந்தேன். நான் வந்துபோன தடம் மறந்துபோனது, வைத்த பொருள் மட்டும் விளையாட்டு வட்டில் தங்கியது.

ஒரு மாதம் தடை விதிப்பார்கள், ஜகார்த்தாக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், இவன் இரண்டு நாள் அழுதுவிட்டுச் சாப்பிடுவான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம்.

அவன் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, திருட்டு நிரல் பிடிபட்டதாகக் காட்டித் திரை சிவப்பாகி நின்றது. பின்னால் முப்பது பேர் இருந்தார்கள். ஜுன்ரே மவுஸைக் கீழே வைத்துவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தான்.

"அக்கா, நான் செய்யல."

"தெரியும்டா" என்றேன். அன்று முழுக்க நான் பேசியதில் கலப்பில்லாத உண்மை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஹேந்த்ரா அழைத்தார். அவரும் நம்பவில்லை. "ஏதோ தப்பு நடந்திருக்கு மேடம். ஒரு மாசம் ரெண்டு மாசம்னா நாங்க காத்திருக்கோம். இந்த மாதிரி கை எங்க கெடைக்கும் சொல்லுங்க" என்றார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை போட்டிக்குழுவின் விசாரணை. திரையில் மூன்று பேர் இருந்தார்கள். அட்மின் அதிகாரம் இல்லாமல் அந்த நிரலை அந்த இடத்தில் வைக்கவே முடியாது என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள், உங்கள் ஓட்டை அவர்களுக்குத் தெரியாது. டெல்ஃபின் தன் சேவல்கள் மேல் சத்தியம் செய்து, பாஸ்வேர்டை யாருக்கும் சொன்னதில்லை என்றார். அடுத்து என்னைக் கேட்டார்கள். வேறு யாருக்காவது அது தெரிய வாய்ப்பிருக்கிறதா?

நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன். யாருக்கும் தெரியாது, ஆனால் முதலாளி அதைத் தட்டும்போது தம்பி பெரும்பாலும் பக்கத்தில் நிற்பான்.

அதுவும் உண்மைதான். அவருக்கு எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, இவன்தான் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பான்.

முதலில் ஒரு மாதத் தடைதான் நினைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சனிக்கிழமை வரைக்கும் சரி. ஹேந்த்ரா காத்திருப்பதாகச் சொன்ன பிறகு ஒரு மாதத்தால் பிரயோசனமில்லை. ஆயுள் தடை விதித்தார்கள். தீர்ப்பை வாசித்தபோது மேஜைக்கு அடியில் ஜுன்ரே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கை சில்லிட்டிருந்தது. இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சிவப்புத் திரையை ஊர் முழுக்கப் பார்த்தது. சந்தையில் அவனைப் பார்த்து மவுஸ் பிடிப்பதுபோல விரலை ஆட்டிக் காட்டினார்கள். "ஏய் திருட்டுக் குறி, சில்லறையாவது ஒழுங்கா எண்ணிக் குடுப்பியா?" என்று கேட்டார்கள். அவன் கடைப் பக்கம் வருவதை விட்டான். மீன் இறக்கும் துறையில் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போனான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"அக்கா, நான் தெரியாம எதையாவது அமுக்கிட்டேனோ? ஏதாச்சும் லிங்க்கயோ? எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு."

"போனது போகட்டும், சாப்பிடு."

"நீ ஒருத்திதாங்க்கா என்ன நம்புன. நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியல."

எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். அன்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வார்த்தை வந்து நின்றது. ஆனால் அவன் இன்னொரு கரண்டி சோறு கேட்டான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தடைக்குப் பிறகு வந்த மூன்று வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன். ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவான். சட்டையெல்லாம் மீன் நாற்றம் அடிக்கும். நான் துவைப்பேன். ஜகார்த்தாவுக்கு வாங்கிய பெட்டியில் அரிசி போட்டு வைத்தேன்.

இந்த ஜனவரியில் போட்டிக்குழுவிலிருந்து கடிதம் வந்தது. அவன் எனக்குச் சொல்லாமலே மேல்முறையீடு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான், வருஷத்துக்கு ஒன்று. வழக்கைத் திரும்ப எடுத்து, ஏழாம் நம்பரைப் புது ஆட்களை வைத்துப் பரிசோதிக்கப் போவதாக எழுதியிருந்தார்கள். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"அக்கா, ஹேந்த்ராவுக்கு இன்னும் என்னய ஞாபகம் இருக்காம்!"

நண்பன் ஒருவனிடம் பழைய கணினியை வாங்கிவந்து பயிற்சியை ஆரம்பித்தான். வேலைக்குப் போவதற்கு முன்னும் ஆடினான், வந்த பிறகும் ஆடினான். தூக்கம் குறைந்தது. நான் பன்னும் காப்பியும் கொண்டுபோய் வைப்பேன். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மறுபடியும் எதையாவது செய்ய வேண்டிவருமோ என்று யோசித்துக்கொண்டுதான் நின்றேன்.

செய்ய வேண்டிவரவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி காலை, துறையில், ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் வாயில் சிக்கிய கட்டியைத் தள்ளும்போது கண் அசந்திருக்கிறான். வலது கை. அது விபத்து. அதை நான் செய்யவில்லை. நீங்கள் எதை நம்பாவிட்டாலும் அதை நம்ப வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். மூன்று விரல்கள் போய்விட்டன, ஒட்டவைக்க வழியில்லை என்று டாக்டர் வெளியே என்னிடம் சொன்னார். உள்ளே போனதும் ஜுன்ரே என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

"மவுஸ் பிடிக்க முடியாதுல்லக்கா?"

அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இருவரும் அழுதோம். அவ்வளவு அழுகையை நான் அம்மா போனபோதுகூட அழவில்லை. தூங்கிய பிறகு தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து உங்களுக்கு அந்த நான்கு வரியை எழுதினேன். தேதியைப் பாருங்கள், மார்ச் ஒன்பதுதான் இருக்கும்.

எனக்கு என்ன தண்டனை என்பதைப் போட்டிக்குழுவும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள். என் பெயர் நெரிசா விலியமோர். ஓட்டையை அடைத்துவிடுங்கள். அவன் குற்றமற்றவன் என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதுங்கள். அவன் மேல் உள்ள தடையையும் எடுத்துவிடுங்கள். இனி எனக்குப் பயமில்லை. அவன் இனி எங்கேயும் போகமாட்டான்.