நக்கிள்ஸ் மலைக்கு ரெண்டு பேர்

முப்லிஹா: மலைதான் மச்சான். நான் முடிவு எடுத்திட்டன். நீங்க தலையை ஆட்டினாச் சரி.

அம்ஜத்: எந்த மலை?

முப்லிஹா: நக்கிள்ஸ். ரெண்டு நாள் நடை, நடுவில ஒரு ராவு கூடாரம். போனைப் பாருங்க... மேகம் காலுக்குக் கீழால போகுதாம்.

அம்ஜத்: அப்ப காலை எங்க வைக்கிற?

முப்லிஹா: பாறையில.

அம்ஜத்: காத்தான்குடியாளுக்கு ஆக உயரமான மலை கல்லடிப் பாலம். அதில நடக்கக்குள்ளயே நீ ரெண்டு தரம் நிண்டு ஆத்தைப் பார்ப்பாய்.

முப்லிஹா: ஆத்தைப் பார்க்கத்தான் நிண்ட. மூச்சு வாங்க இல்ல.

அம்ஜத்: அட்டை கடிக்கும் புள்ள.

முப்லிஹா: சவுக்காரம் பூசினா ஏறாதாம்.

அம்ஜத்: எல்லாம் விசாரிச்சு வெச்சிரிக்காய்... இஞ்ச பாரு, காலிக்குப் போவம். வந்த நாளையில இரிந்து சொல்லுறன். கோட்டைக்குள்ள அந்தக் காலத்து வீடு, ஒடுங்கின தெரு, கடலோரத்தில பழைய பள்ளிவாசல், வெளிச்சவீடு... சரித்திரம் முழுக்க ஒரே இடத்தில கிடக்கு.

முப்லிஹா: ஒல்லாந்தன்ட கோட்டை மட்டக்களப்பிலயும்தான் கிடக்கு. பஸ்ஸில ஏறினா அரை மணித்தியாலம் ஆகாது.

அம்ஜத்: அதுக்குள்ள நாம சரித்திரமா பார்த்த? கடுதாசி அலுவலுக்கு வரிசையில நிண்டதுதானே.

முப்லிஹா: காலியிலயும் வரிசைதான். ஐஸ்கிறீமுக்கு.

அம்ஜத்: திங்கள் போய் புதன் திரும்பலாம். பொட்டியையும் கையோட கொண்டு போனா, வியாழன் அப்பிடியே எயாபோட்டுக்கும் லேசு.

முப்லிஹா: பார்த்தீங்களா... பயணத்துக்குள்ளயும் எயாபோட்.

அம்ஜத்: ஒரு வசதிக்குச் சொன்னன்.

முப்லிஹா: கலியாணம் முடிச்சுப் பதினெட்டு வருசம் மச்சான். நீங்களும் நானும் மட்டும் போற முதல் பயணம் இது. வியாழன் நீங்க கட்டாருக்கு ஏறினா இன்னும் ரெண்டு வருசம். கையில கிடக்கிறது மூணு நாள். அதைச் சுவர் பார்த்துக் கழிக்கச் சொல்லுறீங்களா?

அம்ஜத்: சரி... நானும் கொஞ்சம் இறங்குறன், நீயும் கொஞ்சம் இறங்கு. நுவரெலியா. மலையும் இரிக்கு, குளிரும் இரிக்கு. வாடகை வான் வண்டிக்குள்ள இரிந்தே எல்லாம் பார்க்கலாம்.

முப்லிஹா: வானுக்குள்ள இரிந்து பார்க்கிறதுக்குப் போன் போதுமே.

அம்ஜத்: நீ மாமாட மகள்தான். அவரும் சாரிக் கடையில விலையைச் சொல்லிப்போட்டு முகட்டைப் பார்ப்பார். பொறகு மனிசன்ட கழுத்து கீழ இறங்காது.

முப்லிஹா: கலியாணத்துக்கு முதல் அந்தக் கடையில எட்டு வருசம் நிண்ட உங்களுக்கே பேரம் பேச ஏலாமக் கிடக்கு... ஆ, டேப் உருண்டு கட்டிலுக்குக் கீழ போயிட்டுது. எடுத்துத் தாங்க. ஓடர் வந்த இந்த அபாயாப் பார்சல் நாலு மணிக்கு முதல் போகணும்.

அம்ஜத்: வேற டேப் இரிக்கும்தானே.

முப்லிஹா: இல்ல.

அம்ஜத்: கூட்டுற தும்புத்தடி எங்க?

முப்லிஹா: டேப்பைக் கேட்டா தும்புத்தடி எதுக்கு?

அம்ஜத்: இழுத்து எடுக்க.

முப்லிஹா: குனிஞ்சா கைக்குள்ள வரும்.

அம்ஜத்: கட்டாரில இப்பிடித்தான் எடுக்கிற. எல்லாத்துக்கும் ஒரு சாமான் வெச்சிரிப்பான்.

முப்லிஹா: ம்... கட்டாரில தொழுறதும் கதிரையில இரிந்துதானா?

அம்ஜத்: ஆரு சொன்ன?

முப்லிஹா: உசனார் காக்காட பொஞ்சாதி. பள்ளியில கடைசிச் சப்பு வரிசையில கதிரை போட்டுத் தொழுறீங்களாம். என்ன, மச்சானுக்கு வயசு போயிட்டுதா எண்டு சிரிக்கிறா.

அம்ஜத்: முழங்காலில சின்ன நோ. அவ்வளவுதான்.

முப்லிஹா: நீங்க வந்து இருபது நாள். ஒரு தரம் மேல்மாடிக்கு ஏறல்ல. தண்ணித் தாங்கி நிரம்பி வழியக்குள்ளயும் கீழ நிண்டு என்னைத்தான் கூப்பிட்டீங்க.

அம்ஜத்: நீ கிட்ட நிண்டாய்.

முப்லிஹா: நான் குசினியில சமைச்சிட்டு நிண்டன். சின்ன நோ எண்டா நக்கிள்ஸ் ஏறலாம். மெதுவா, நிண்டு நிண்டு போவம். நான் ரெண்டு பேருக்குப் பேர் குடுக்கட்டா?

அம்ஜத்: முப்லி.

முப்லிஹா: சொல்லுங்க.

அம்ஜத்: அந்தப் போனைக் கீழ வை.

முப்லிஹா: வெச்சிட்டன்.

அம்ஜத்: கட்டிட வேலையில, மூணாம் மாடியில சாரப் பலகை வழுக்கினது. ரெண்டாம் மாடியில விழுந்தன். முழங்காலுக்குள்ள தகடு வெச்சிரிக்கு. நடக்கலாம். மடக்க ஏலாது, ஏற ஏலாது.

முப்லிஹா: எப்ப?

அம்ஜத்: நோன்புக்கு முந்தி.

முப்லிஹா: அதுக்குப் பொறகு எத்தனை வெள்ளிக்கிழமை வீடியோவில கதைச்சீங்க. சிரிச்சீங்க. மகள்ட ஏ.எல் சோதனைப் பாடத்துக்கு ஆலோசனையும் சொன்னீங்க.

அம்ஜத்: இடுப்புக்கு மேலதானே காட்டின.

முப்லிஹா: ...நல்லாத்தான் காட்டினீங்க.

அம்ஜத்: ஏசு புள்ள. பேசாம இரிக்காத.

முப்லிஹா: ஏசல்ல. இன்னும் முடிக்கல்ல நீங்க.

அம்ஜத்: என்ன முடிக்க?

முப்லிஹா: ஏறவும் மடக்கவும் ஏலாத காலோட, வியாழன் போய் எந்தக் கட்டிடத்தில ஏறப் போறீங்க?

அம்ஜத்: வியாழனுக்கு டிக்கெட் இல்ல. மெடிக்கலில இனி வேலைக்கு ஏலாது எண்டு தட்டிட்டாங்க. கொம்பனி தந்தது வாறதுக்கு மட்டும்தான்.

முப்லிஹா: அப்ப எயாபோட்?

அம்ஜத்: அது... உன்னைக் கொழும்புப் புறக்கோட்டையில மட்டக்களப்பு பஸ்ஸில ஏத்திவிட்டு, நான் எயாபோட்டுக்குப் போறன் எண்டு சொல்லி...

முப்லிஹா: சொல்லி?

அம்ஜத்: கொழும்பிலயே நிக்கிற எண்டு இரிந்தன். ஒரு துணிக்கடையில கதைச்சு வெச்சிரிக்கன். கதிரையில இரிந்து பில் போடுற வேலை. படுக்கவும் மேல... இல்ல, கீழ ஒரு அறை தருவாங்க. காலி எண்டா வாற வழி கொழும்பு. நக்கிள்ஸ் எண்டா கணக்கு பிழைச்சிடும்.

முப்லிஹா: ரெண்டு வருசமுமா?

அம்ஜத்: வட்சப்புக்கு அதே கட்டார் நம்பர்தானே. இடுப்புக்கு மேல...

முப்லிஹா: போதும்.

அம்ஜத்: கோவிக்காத.

முப்லிஹா: அது கடுதாசியில இல்லையே மச்சான்... கொழும்பில ஒளிஞ்சு இரிக்கப் போறீங்க எண்டு.

அம்ஜத்: எந்தக் கடுதாசி?

முப்லிஹா: ஏன் ஒளிக்கணும்? அதை முதல்ல சொல்லுங்க.

அம்ஜத்: இது உன்ட சீதன வீடு. நம்மட ஊரில வீடு பொம்புளைக்கு, மாப்பிள்ளை வந்து ஏறுறவன். உழைப்போட வந்து போற வரைக்கும் அவன் மாப்பிள்ளை. உழைப்பு நிண்டு, பொஞ்சாதிட வீட்டுக் கதிரையில நாள் முழுக்கக் குந்தினா அவனுக்கு என்ன பேர்? மாமாட காலத்தில அப்பிடி ஒருத்தரை நான் பார்த்திரிக்கன். அவர்ர தேத்தண்ணிக் கோப்பையைக் கூடச் சத்தமாத்தான் வைப்பாங்க.

முப்லிஹா: பதினெட்டு வருசத்தில இந்த வீட்டில நீங்க இரிந்த நாளைக் கூட்டிப் பார்த்தீங்களா?

அம்ஜத்: இல்ல.

முப்லிஹா: நான் கூட்டினன். பத்தொன்பது மாசம். எனக்கு வீட்டில மாப்பிள்ளை இரிக்கிற பழக்கமே இல்ல. பழக்கமில்லாம நானும் கோப்பையைச் சத்தமா வைப்பன். அதை நீங்கதான் கொஞ்ச நாளைக்குப் பொறுக்கணும். பார்சல் கட்டவும் ஒரு ஆள் தேவை. கதிரையில இரிந்து கட்டலாம். சம்பளம் இல்ல, சோறு இரிக்கு.

அம்ஜத்: இப்பவும் பேரம்... சரி, எந்தக் கடுதாசி எண்டு சொன்னாய்?

முப்லிஹா: நீங்க வந்த மறுநாள் பொட்டியைத் துடைக்கக்குள்ள அடித்துணி கிளம்பி நிண்டது. கீழால எக்ஸ்ரே படமும் மெடிக்கல் கடுதாசியும். பாமசியில குடுத்து வாசிப்பிச்சன்.

அம்ஜத்: இருபது நாளா தெரியுமா உனக்கு? அப்ப இந்த மலை, மேகம், சவுக்காரம்...

முப்லிஹா: கடைக்கு வாற பொம்புளை பிடிக்காத சாரியை முதல்ல விரிக்கச் சொல்லுறது எதுக்கு? கடைக்காரன்ட முகத்தைப் பார்க்க. உங்கட வாயாலதான் வரணும் எண்டு இரிந்தன்.

அம்ஜத்: வராம விட்டிரிந்தா? நக்கிள்ஸ் ஏத்தியிரிப்பியா?

முப்லிஹா: அது எந்தப் பக்கம் எண்டே எனக்குத் தெரியாது. காலியில ரூம் போட்டே பதினெட்டு நாள் ஆகிட்டுது. படி ஏறத் தேவையில்லாத ரூம் கேட்டு எடுத்தன். பஸ்ஸும் புக் பண்ணியாச்சு மச்சான்... போறதுக்கு ரெண்டு சீட், வாறதுக்கும் ரெண்டு சீட்.