செங்காந்தள் ரோஸ்ட்

ஜெயலக்ஷ்மி: ...அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எத்தனை துண்டு சாப்ட்டேள், அதை மட்டும் சொல்லுங்கோ.

சுந்தரராமன்: சட்டையைக் கூட மாத்த விடாம ஆட்டோல ஏத்திட்டியே. பொத்தான் ரெண்டு இல்லாத சட்டை இது.

ஜெயலக்ஷ்மி: ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படியும் கழட்டத்தான் சொல்லுவா. எத்தனை?

சுந்தரராமன்: நாலு... அஞ்சு இருக்கும்.

ஜெயலக்ஷ்மி: அஞ்சா! ஏம்ப்பா, கொஞ்சம் வேகமா ஓட்டுங்கோ. என் ஆத்துக்காரர் விஷம் சாப்ட்டிருக்கார்.

சுந்தரராமன்: ஏய்! அவர் என்னைத் திரும்பிப் பாக்கறார் பாரு. ஒண்ணுமில்லப்பா, நீ ரோட்டைப் பாரு.

ஜெயலக்ஷ்மி: ஒண்ணுமில்லையா? அது செங்காந்தள் கிழங்கு! ஒரு மாட்டையே சாய்ச்சுடும்.

சுந்தரராமன்: மாட்டைத்தானே...

ஜெயலக்ஷ்மி: உங்களுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் இருக்குன்னுதான் நானும் நெனச்சிண்டிருந்தேன். பேப்பர்ல பொதிஞ்சு, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருந்தேன். அதை எடுத்து ரோஸ்ட் பண்ணுவாளா ஒருத்தர்?

சுந்தரராமன்: சமையல் உள்ளுல இருந்தா சமைக்கறதுக்குன்னுதான் மனுஷன் நெனப்பான். செடியோட கிழங்கைச் செடிகிட்டயே விட வேண்டியதுதானே?

ஜெயலக்ஷ்மி: செடி எங்க இருக்கு? மார்கழிலயே கொடி காஞ்சு போச்சு. தொட்டியிலயே விட்டா நீங்க சும்மா இருப்பேளா? போன வருஷம் என்ன பண்ணினேள்? 'ஐயோ பாவம், வாடிடுத்து'ன்னு பக்கெட் பக்கெட்டா ஜலம் விட்டு, ஒண்ணை அழுக வச்சேள்.

சுந்தரராமன்: வாடினதுக்கு ஜலம் விடறது ஒரு குத்தமா?

ஜெயலக்ஷ்மி: ஏன்னா, அது வாடலை, தூங்கறது. ஆனி பொறந்து ரெண்டு மழை பெய்யற வரைக்கும் அதை எழுப்பப்படாது.

சுந்தரராமன்: நானும் ரிடையராகி ரெண்டு மாசமா தூங்கலாம்னு பாக்கறேன். என்னை யாரு இப்படிப் பேப்பர்ல பொதிஞ்சு வைக்கறா?

ஜெயலக்ஷ்மி: வயித்தைப் பிரட்டறதா? நாக்கு எரியறதா?

சுந்தரராமன்: இல்லை.

ஜெயலக்ஷ்மி: பொய் சொல்லாதீங்கோ.

சுந்தரராமன்: சத்தியமா இல்லை ஜெயா. பேசாம திரும்பிடலாம். லஸ் கார்னர்ல இறங்கி ஒரு காபி குடிச்சா எல்லாம் சரியாயிடும்.

ஜெயலக்ஷ்மி: விஷத்துக்குக் காபியா? சாப்ட்ட உடனே ஒண்ணுமே தெரியாதாம். போகப் போகத்தான் வாந்தி, பேதி, கிட்னி... ஒரு வாரம் கழிச்சுத் தலைமுடியெல்லாம் கொட்டிடுமாம்.

சுந்தரராமன்: அந்தக் கடைசி ஐட்டம் எனக்கு முப்பது வருஷம் முன்னாடியே முடிஞ்சாச்சு.

ஜெயலக்ஷ்மி: சிரிக்காதீங்கோ!

சுந்தரராமன்: ...அழறியா?

ஜெயலக்ஷ்மி: இல்லை.

சுந்தரராமன்: அழறே. எனக்கா, கிழங்குக்கா?

ஜெயலக்ஷ்மி: தெரியலை... மூணு வருஷம்னா. ஒரு மொட்டு கூட விடாம மூணு வருஷம் படுத்தித்து. இந்த ஐப்பசிலதான் பதினொண்ணு பூத்தது. இலை நுனியாலயே ஜன்னல் கம்பியைச் சுருட்டிப் பிடிச்சிண்டு ஏறி, பச்சையா விரிஞ்சு, மஞ்சளாகி, அப்புறம் நெருப்பு மாதிரி... தெருவுல போறவாள்லாம் நின்னு பாத்தாளே.

சுந்தரராமன்: ஆமா, பாத்தா. அதுக்குத் தினம் ஆறு போட்டோ வேற. என் ரிடையர்மெண்ட் ஃபங்ஷன்ல நீ எடுத்தது மொத்தமே ஒண்ணு. அதுலயும் என் தலைக்குப் பதிலா ஃபேன்.

ஜெயலக்ஷ்மி: கிழங்கு போனா இன்னொண்ணு தேடி வாங்கிக்கலாம். நீங்க போனா... நான் எங்க போய்த் தேடறது?

சுந்தரராமன்: ஜெயா...

ஜெயலக்ஷ்மி: என்ன? மயக்கமா வரதா?

சுந்தரராமன்: இல்லை... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்... அதாவது... ஆமா, நீயும்தானே சாப்ட்டே? உனக்கு ஒண்ணும் பண்ணலையா?

ஜெயலக்ஷ்மி: என்னை விடுங்கோ. நான் திடமாத்தான் இருக்கேன்.

சுந்தரராமன்: தட்டு காலியா இருந்தது. 'பிரமாதம்'னியே!

ஜெயலக்ஷ்மி: இதோ, ஆஸ்பத்திரி வந்தாச்சு. இறங்குங்கோ. மெதுவா... என்னைப் பிடிச்சிண்டு...

ஹமீதுன்னிசா: வாங்க. நான் டாக்டர் ஹமீதுன்னிசா. உங்க ரெண்டு பேர்ல யாருக்கு முடியல?

ஜெயலக்ஷ்மி: இவருக்குத்தான் டாக்டர். செங்காந்தள் கிழங்கை ரோஸ்ட் பண்ணி...

ஹமீதுன்னிசா: எந்தக் கிழங்கு?

ஜெயலக்ஷ்மி: கண்வலிக்கிழங்குன்னும் சொல்லுவா. கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கும்.

ஹமீதுன்னிசா: கண்வலிக்கிழங்கா! எப்ப? எவ்வளவு?

ஜெயலக்ஷ்மி: மத்யானம் ஒண்ணரை மணிக்கு. அஞ்சு துண்டு.

ஹமீதுன்னிசா: ஏன் சார்? வீட்டுல ஏதாவது பிரச்சனையா? மனசுல என்ன இருந்தாலும் என்கிட்ட தைரியமா சொல்லலாம்.

சுந்தரராமன்: மனசுல ஒண்ணுமில்லம்மா. ரோஸ்ட்லதான் மொளகாப்பொடி கொஞ்சம் தூக்கல்.

ஹமீதுன்னிசா: இது விளையாட்டு இல்ல சார். அந்த விஷம் சமைச்சாலும் போகாது. மூக்கு வழியா ட்யூப் விட்டு வயித்தைக் கழுவணும், கரி கரைச்சுக் குடுக்கணும். மூணு நாள் ஐசியூ. அம்மா, நீங்க சாப்பிடலையே?

சுந்தரராமன்: அவளும் சாப்ட்டா டாக்டர். ஒரு தட்டு.

ஹமீதுன்னிசா: ஒரு தட்டா! சிஸ்டர், ரெண்டு ட்யூப் எடுங்க. அம்மா, அந்தப் பெட்ல ஏறிப் படுங்க.

ஜெயலக்ஷ்மி: எனக்கு வேண்டாம் டாக்டர்... நான் சாப்பிடலை.

சுந்தரராமன்: என்னது?

ஜெயலக்ஷ்மி: நீங்க அந்தண்டை திரும்பின நேரத்துல குப்பைத் தொட்டில கொட்டிட்டேன்.

சுந்தரராமன்: 'பிரமாதம்'னு சொன்னியேடி!

ஜெயலக்ஷ்மி: பிரமாதம்னுதானே சொன்னேன்? சாப்ட்டேன்னு சொன்னேனா?

சுந்தரராமன்: அப்ப நேத்திக்கு அவியல்?

ஜெயலக்ஷ்மி: தொட்டி.

சுந்தரராமன்: பொங்கலன்னிக்கு சர்க்கரைப் பொங்கல்?

ஜெயலக்ஷ்மி: அது தெருக்கோடி மாட்டுக்கு. ஸ்வாமிக்குக் காட்டினதைத் தொட்டியில போடப்படாதேன்னு.

சுந்தரராமன்: ரெண்டு மாசமாவா?

ஜெயலக்ஷ்மி: முதல் நாள் நீங்க பண்ணின வத்தக்குழம்பை வாயில வச்சேன். அதுக்கப்புறம் எனக்குத் தைரியம் வரலை. ரிடையராகி ஆசையா சமைக்கறார், மனசு ஒடைஞ்சுடப் போறதேன்னு வாயை மூடிண்டேன். நான் வேலை பாக்கற ஸ்கூல்ல ஸ்நேஹா டீச்சரோட டப்பால எனக்கும் பங்கு. அங்கயே சாப்ட்டுட்டுத்தான் மத்யானம் ஆத்துக்கு வரேன்.

ஹமீதுன்னிசா: குடும்பச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். அம்மா, நீங்க தப்பிச்சீங்க. சார், தலையை இப்படிச் சாய்ங்க. மூக்குல கொஞ்சம் எரிச்சலா இருக்கும்.

சுந்தரராமன்: அந்த ட்யூப் எவ்வளவு நீளம்மா?

ஹமீதுன்னிசா: வயிறு வரைக்கும் போகணுமே சார்.

சுந்தரராமன்: இருங்கோ, இருங்கோ... ஒரே நிமிஷம். அந்த ரோஸ்ட்டை நான் பண்ணலை.

ஜெயலக்ஷ்மி: பின்ன யாரு பண்ணினா?

சுந்தரராமன்: மெஸ். தேனாம்பேட்டைல சந்துக்குள்ள ஒரு மெஸ். அது வெறும் சேப்பங்கிழங்குதான்.

ஜெயலக்ஷ்மி: மெஸ்ஸா?

சுந்தரராமன்: அந்த வத்தக்குழம்பை நீ மட்டுமா வாயில வச்சே? நானும்தான் வச்சேன். மறுநாள்லேர்ந்து நீ ஸ்கூலுக்கோ, லீவு நாள்ல கோவிலுக்கோ கிளம்பினதும் நான் கேரியரை எடுத்துண்டு மெஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன். வந்து நம்மாத்துப் பாத்திரத்துல மாத்தி, கரண்டியை அடுப்பு மேல போட்டு வச்சுடுவேன்.

ஜெயலக்ஷ்மி: அப்ப ரெண்டு மாசமா நான் கொட்டினதெல்லாம்...

சுந்தரராமன்: ஊரே க்யூல நின்னு சாப்பிடற சாப்பாடு.

ஜெயலக்ஷ்மி: மூக்கைப் பொத்திண்டு கொட்டினேனே!

ஹமீதுன்னிசா: சார், அப்ப நீங்க விஷக்கிழங்கே சாப்பிடல?

சுந்தரராமன்: இல்லம்மா.

ஹமீதுன்னிசா: அப்புறம் எதுக்கு சார் இங்க வரைக்கும் வந்தீங்க?

சுந்தரராமன்: 'அரிசி டப்பா பின்னாடி இருந்த பொட்டலம் எங்க?'ன்னு ஒரு கத்து கத்தினா. பயத்துல 'ரோஸ்ட் பண்ணிட்டேன்'னு வாயில வந்துடுத்து. சாப்ட்டுட்டேன்னா கோபம் கொஞ்சம் கம்மியா வரும்னு நெனச்சேன். அது விஷம்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியறச்சே ஆட்டோ கிளம்பியாச்சு.

ஜெயலக்ஷ்மி: கபாலீஸ்வரா... இப்பத்தான் உயிரே வந்தது எனக்கு. ஒரு தேங்காய் உடைக்கறேன்ப்பா உனக்கு. வாங்கோன்னா, ஆத்துக்குப் போகலாம்.

சுந்தரராமன்: போலாம், போலாம். சீக்கிரம் போலாம்.

ஜெயலக்ஷ்மி: ...இருங்கோ. ரோஸ்ட் பண்ணலை. சாப்பிடலை. அப்ப என் கிழங்கு எங்க?

ஹமீதுன்னிசா: சிஸ்டர், அந்த ட்யூபை எல்லாம் எடுத்து வச்சுடுங்க.

ஜெயலக்ஷ்மி: ஏன்னா, உங்களைத்தான் கேக்கறேன். கிழங்கு எங்க?

சுந்தரராமன்: ஏதோ காஞ்சு போன இஞ்சின்னு நெனச்சு... கார்த்தால குப்பை வண்டி வந்ததா... அதுல... டாக்டர், நீங்க சொன்ன அந்த ஐசியூ பெட் இன்னும் காலியாத்தானே இருக்கு?