முதுகில்லாத கோட்டு

"ஹலோ... ஹலோ, நுன்சியா... நான்தான். ஆமா, ஆமா, வந்து சேந்துட்டேன்... ஓட்டல்லதான் உக்காந்திருக்கேன்... நான் எங்கடி கத்துறேன்? சாதாரணமாத்தான் பேசுறேன்."

ஆனியெல்லோவுக்குச் செல்போன் மேல் நம்பிக்கை கிடையாது. பாக்கோலியில் அடுப்படியில் நிற்கிற பெண்டாட்டியின் காதுக்கு இத்தனூண்டு பெட்டி வழியாகக் குரல் போய்ச் சேரும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். படகிலிருந்து அடுத்த படகுக்குக் கூப்பிடும் தொண்டையில்தான் பேசுவார். நேப்பிள்ஸ் கடலோர ஓட்டலின் பெரிய கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுவரோரமாக ஒரு நாற்காலியில் இருந்தார்.

"வரல. மிலான்காரங்க இன்னும் வரல... கனவா? உன் கனவை நான் வந்து கேக்குறேன். நம்பருக்குப் பறக்காதே, போன வாரம் வச்சதே போதும்."

நுன்சியா வாரா வாரம் லாட்டரி வைப்பவள். நேப்பிள்ஸில் கண்ணில் பட்டதற்கும் கனவில் வந்ததற்கும் தனித்தனியாக ஒரு எண் உண்டு. பைத்தியத்துக்கு இருபத்திரண்டு, பிணத்துக்கு நாற்பத்தேழு. நாற்பது வருஷமாக அவளுக்கு ஒரு எண்ணும் விழுந்ததில்லை. லாட்டரிக்காரன் ஏமாற்றுகிறான் என்பது ஆனியெல்லோவின் கட்சி.

"கோட்டா? வாங்கிட்டேன். போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... கருநீலம். நீ சொன்ன அதே கருநீலம்... பாத்தா நீயே அசந்துருவே."

பாக்கோலிக் கடலில் சிப்பி வளர்க்கிற ஒன்பது குடும்பங்களுக்கு ஒரு சங்கம். ஒருத்தரை ஒருத்தர் நம்பாததால், யாரையுமே நம்பாத ஆனியெல்லோவைத் தலைவராக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்கு மிலானிலிருந்து ஒரு பெரிய கடைக் கம்பெனியின் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் நேரடியாகச் சிப்பி எடுக்கச் சம்மதித்தால் தரகன் சபாத்தினோவுக்குக் கும்பிடு போட்டுவிடலாம். இல்லையென்றால் இந்த வருஷமும் அவன் வாயிலிருந்து வருவதுதான் விலை. போன தடவை வேறொரு கம்பெனிக்காரரைப் பார்க்க ஆனியெல்லோ ரப்பர் பூட்சும் கம்பளிச் சட்டையுமாகப் போய் நின்றார். சரக்கு இறக்க வந்தவர் என்று நினைத்து அவரைச் சமையலறை வழியாக அனுப்பி, அந்த வழியாகவே வெளியேயும் விட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கோட்டு. நுன்சியா சின்ன வயதில் ஒரு தையல்காரரிடம் இஸ்திரி போட்டவள். நல்ல துணியைக் கண்டுபிடிக்க எதைத் தொட வேண்டும், எதைக் கசக்க வேண்டும், எதைக் கொளுத்த வேண்டும் என்று நேற்று முழுக்கப் பாடம் நடத்தி அனுப்பியிருந்தாள்.

"எல்லாம் நீ சொன்னபடிதான் செஞ்சேன்... கசக்கினேன். சுருக்கம் நிக்கல... நூலா? கொளுத்தினேன். கைப்பக்கத்துல ஒண்ணு உருவி லைட்டரை வச்சேன்... நாறிச்சு. உன் முடி இஸ்திரிப் பெட்டில மாட்டுச்சே, அதே நாத்தம். அசல் கம்பளிதான்... கடைக்குள்ள நின்ன ரெண்டு பேர் வெளிய போயிட்டாங்க. போகட்டும், எடம் கிடைச்சுது."

கடைக்காரர் பெயர் தொன் எத்தோரே. வெள்ளை மீசை, கழுத்தில் அளவு நாடா. சிரித்த முகம். கடைக்காரன் சிரித்தால் ஆனியெல்லோ பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"மொதல்ல ஒரு கோட்டை எடுத்துப் போட்டான். தோள்ல, கை சேர்ற எடத்துல சுருக்கம் சுருக்கமா இருக்கு. தைக்கத் தெரியாத பயன்னு கீழ வச்சிட்டேன்... என்னது?... அதுதான் நல்ல தையலா?... சுருக்கம் விழுந்தா ஒசத்தின்னா என் மூஞ்சியை விட ஒசத்தி ஊர்ல உண்டா?... சரி, சரி. வெலையைக் கேளு. கோட்டுக்குச் சொல்றீங்களா, கடைக்குச் சொல்றீங்களான்னு கேட்டேன். அதுலயும் பேண்ட்டுக்குக் கால் மடிப்பே கிடையாது. ஆளுக்குத் தக்கபடி நாளைக்குத் தச்சுத் தரேங்கிறான். நாளைக்கு மிலான்காரன் என் மடில உக்காந்திருப்பானா?"

அப்போதுதான் கடையின் பின்கட்டில் திரை விலகிக் கிடந்ததை அவர் கவனித்தார். உள்ளே வரிசையாகத் தொங்கின, எல்லாம் கறுப்பும் கருநீலமும். கால் மடித்து, இஸ்திரி போட்டு, இந்த நிமிஷமே மாட்டிக்கொள்கிற மாதிரி. விலைச் சீட்டைப் பார்த்தார். முன்னால் காட்டியதில் கால்வாசிகூட இல்லை.

"பாத்தியா அவன் புத்தியை? நல்ல சரக்கைப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கான். கேட்டா, அது உங்களுக்கு இல்லீங்கன்னு சொல்றான்... ஆமா, அப்படியே சொன்னான். ஏன் எனக்கு இல்லைன்னேன். உங்களுக்கு இன்னும் வேளை வரலைங்கிறான். மூஞ்சி செவந்துபோச்சு அவனுக்கு. பைக்குள்ள கையை விட்டுக்கிட்டு எதையோ புடிச்சிக்கிட்டே பேசுறான்... காசுப்பையைத்தான் புடிச்சிருப்பான், வேற என்ன?... செவப்புக் கொம்பா? கண்ணு படாம இருக்க வச்சிருக்கிற கொம்பை எதுக்குடி அப்பப் புடிக்கணும்?"

ஆனியெல்லோவுக்கு ஒன்றுதான் விளங்கியது. சிப்பிக்காரனுக்கு எதுக்கு இந்தத் துணி என்று நினைக்கிறான். அவ்வளவுதான், கோட்டையும் பேண்ட்டையும் உருவிக்கொண்டு மறைப்புக்குள் போய் அவரே மாட்டிக்கொண்டார். கண்ணாடியில் முன்பக்கத்தைப் பார்த்தார். மார்பில் கச்சிதம். தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. விலைச் சீட்டில் போட்டிருந்த தொகையை மேஜையில் வைத்து, மேலே மழைக்கோட்டை மாட்டி, வெளியே நடந்தார்.

"தெரு வரைக்கும் ஓடி வந்தான். பின்னாடி, பின்னாடின்னு கத்துறான். அவ்வளவுதான், வேற வார்த்தை வரல அவனுக்கு. வெலையைக் கொறச்சு வித்துட்டோமேன்னு வயித்தெரிச்சல். நான் திரும்புவேனா?"

பிறகு நுன்சியா கேட்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக, மெதுவாக.

"முதுகா? முதுகுல என்ன? காத்தோட்டமாத்தான் இருக்கு. நடுவுல மேலேருந்து கீழ வரைக்கும் தொறந்திருக்கு, நாடா வச்சிருக்கான்... வெள்ளை நாடா. ரெண்டு ரெண்டா... மூணு ஜோடி. இதுதான் புதுசு நுன்சியா. சாப்டு வயிறு பெருத்தா நாடாவைத் தளத்திக்கலாம். யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்... பேண்ட்டா? அதுவும் அப்படித்தான். உள்ள கம்பளிக் காலுடை போட்டிருக்கேன், குளுராது... கோட்டுக்கு உள்ளால தைக்கிற உள்துணியா? வைக்கல. எதுக்கு, வெலைதான் ஏறும்."

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவரைப் பார்த்து, கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோய் இரும்புக் காலைத் தொட்டார். வாசலில் மழைக்கோட்டை வாங்கி வைத்த பணியாளும், அவர் கூடத்துக்குள் நடந்து வந்தபோது சிலுவைக் குறி போட்டிருந்தான். பக்திமான் என்று ஆனியெல்லோ நினைத்திருந்தார்.

"பையா? பை இல்ல. வாய் மட்டும் தச்சிருக்கு, உள்ள பை கிடையாது. அதுவும் நல்லதுதான். நேப்பிள்ஸ்ல பை வச்சா திருடனுக்குத்தானே... ஏன் அழுவுற?... உங்க அண்ணனா? அவன் செத்து ஏழு வருஷம் ஆச்சு, அவனுக்கு நீதான் துணி மாட்டினே, அதுக்கு இப்ப என்ன?... நாடா கட்டினியா?... சரி, கட்டினே... பையைப் பத்தி உங்கம்மா என்ன சொல்லுவா? கடைசிச் சட்டைக்குப் பை கிடையாதுன்னு சொல்லுவா. அதுக்கும் என் கோட்டுக்கும்..."

ஆனியெல்லோ நிறுத்தினார்.

கையைக் கீழே விட்டு நாற்காலிக் காலைத் தொட்டார். மரம். அடுத்த காலும் மரம். கெட்டது அண்டாமல் இருக்க இந்த ஊரில் இரும்பைத்தான் தொட வேண்டும். பின்னால் சுவரோடு இருந்த, கூடத்துக்குச் சூடு தரும் இரும்புக் கணப்பை எட்டிப் பிடித்தார். சுட்டது. விடவில்லை.

"...பொணத்துக் கோட்டா?"

முதல் தடவையாக அவர் குரல் போனுக்கு ஏற்ற அளவில் வந்தது. விறைத்துக் கிடக்கும் உடம்புக்கு முன்னாலிருந்து மாட்டிப் பின்னால் கட்டத்தான் முதுகைத் திறந்து தைப்பார்கள். உயிரோடு இருக்கிற வாடிக்கையாளன் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சொல்ல நேப்பிள்ஸில் எந்தக் கடைக்காரனுக்கும் நாக்கு எழாது. சொன்னவனுக்கும் ஆகாது, கேட்டவனுக்கும் ஆகாது. அதனால்தான் தொன் எத்தோரே பாவம், கொம்பைப் பிடித்துக்கொண்டு முழித்திருக்கிறார்.

"மழைக்கோட்டு அந்தக் கோடில இருக்கு... இந்தக் கூடம் முழுக்க நடந்து போகணும்டி. வர்றப்ப என்னத்தையெல்லாம் பாத்தாங்களோ... சரி, சுவரை ஒட்டியே போய்... இரு. இரு, இரு. வந்துட்டாங்க."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கம்பெனி அதிகாரி கலிம்பெர்த்தி அம்மாள் வந்தாள். சாம்பல் நிறத்தில் மிடுக்கான உடை. பின்னால் கணக்கர் ஒருவர். ஆனியெல்லோ போனை அணைக்கத் தெரியாமல் மடியில் வைத்தார். அவள் கை நீட்டினாள். அவர் எழுந்திருக்காமலே கை கொடுத்தார். மாடியில் தனி அறை, சாப்பாடு, எல்லாம் தயார், போகலாமா என்றாள்.

"இங்கேயே பேசலாம்மா."

அவள் தன் கணக்கரைப் பார்த்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் விலையைச் சொன்னாள். அது சபாத்தினோ கொடுப்பதைவிட ஒரு மயிரிழைதான் கூட. ஆனியெல்லோ வாயைத் திறப்பதற்குள் மடியிலிருந்த போனில் நுன்சியாவின் குரல் கீச்சிட்டது. எடுத்துக் காதில் வைத்தார்.

"என்ன?... ஆமா... ஆமா... இல்ல, எந்திரிக்க மாட்டேன்... எந்திரிக்கிற பேச்சே இல்ல. சுவரோட சுவரா இருக்கேன்... அவங்க போனாலும் நான் அசையமாட்டேன், நீ பயப்படாதே."

வக்கீலிடம் பேசுகிறார் என்று நினைத்துக் கணக்கரின் முகம் மாறியது. கலிம்பெர்த்தி அம்மாள் பேரத்தில் கைதேர்ந்தவள். கடைசி ஆயுதத்தை எடுத்தாள். சரி, வருத்தம்தான் என்று சொல்லிக் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். லிஃப்டை நோக்கி நடந்தாள். இந்த இடத்தில் எல்லோரும் பின்னாலேயே எழுந்து ஓடி வருவார்கள். மிலானில் அப்படி, ரோமில் அப்படி. லிஃப்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். கிழவர் கயிற்றில் ஒட்டிய சிப்பி மாதிரி நாற்காலியில் இருந்தார். கூப்பிடவில்லை. ஒரு கையால் கணப்பைப் பிடித்துக்கொண்டு, போனில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"போறாங்க நுன்சியா... ஒன்பது வீட்டுப் பொழப்பும் போகுது, நான் என்ன செய்ய?... எந்திரிச்சா அத விடக் கேவலம்... காலுடைல ஒட்டு வேற போட்டு வச்சிருக்கே, அதுவும் செவப்புத் துணில..."

லிஃப்டு வந்து, திறந்து, காலியாக மூடிக்கொண்டது. கலிம்பெர்த்தி அம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். விலையை ஏற்றினாள். ஆனியெல்லோவுக்கு நம்பிக்கை வரவில்லை. எவனாவது தானாக விலையை ஏற்றுவானா, இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறது என்று யோசித்தபடி பேசாமல் இருந்தார். அவள் இன்னொரு தடவை ஏற்றினாள். மூன்று வருஷத்துக்கு எழுதிக்கொள்ளலாம் என்றாள். சங்கம் கேட்க நினைத்திருந்ததே அவ்வளவு இல்லை.

கையெழுத்து ஆயிற்று. கடல் தெரிகிற ஜன்னலோரம் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கணக்கர் கேட்டார். சுவர்தான் ராசி என்றார் ஆனியெல்லோ. அவர்கள் இருவரும் வந்து அவர் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

போகிறபோது அந்த அம்மாள் அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அருமையான தையல், ஒரு சுருக்கம் இல்லை, என் வீட்டுக்காரருக்கும் ஒன்று எடுக்க வேண்டும், எந்தக் கடை என்று கேட்டாள்.

ஆனியெல்லோவின் முகம் சிவந்தது. பைக்குள் கையை விடப் பார்த்தார். பை இல்லை.

"அது அவருக்கு இல்லம்மா," என்றார். "வேளை வரட்டும்."

இந்த ஊர்க்காரர்களுக்குத் தலைக்கனம் அதிகம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

"நுன்சியா... கேட்டியா?... ஆமா, போட்டாச்சு. மூணு வருஷம்... ஆமா, ஆமா, அந்த வெலைதான்... அழாதே, போதும். எப்பவும் நான் ஆளைத்தான் நம்பாம இருந்தேன், இனிமே துணியையும் நம்பமாட்டேன்... தொன் எத்தோரேவா? சாயங்காலம் போய் ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கறேன். அந்தச் சுருக்கக் கோட்டையும் பாக்கறேன்... பாக்கத்தான், வாங்க இல்ல... சரி, நீ இப்ப யாரையாவது அனுப்பு. மழைக்கோட்டு அந்தக் கோடில இருக்கு, அந்தப் பணியாள் என்னைப் பாத்தாலே ஓடுறான்... என்னது, எங்க கெளம்புறே?... கடை மூடிருவானா? எந்தக் கடை?"

அந்தப் பக்கம் சாவி குலுங்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், படியில் செருப்புச் சத்தம்.

"லாட்டரிக் கடையா?... பொணக் கோட்டு போட்டவன் போன்ல பேசினா... ஆமா, பேசுற பொணம்... அதுக்கு நாப்பத்தெட்டு. ஆமா, ஆமா, தெரியும், நாப்பத்தெட்டு... சரி, வை. இந்த ஒரு தடவை வை. எனக்கும் சேத்து வை... ஆனா பக்கத்து நம்பரை வச்சிறாதே. நாப்பத்தேழு சும்மா பொணம், அது வேண்டாம். நாப்பத்தெட்டு மட்டும்... நுன்சியா, கேக்குதா? நாப்பத்தேழு வேண்டாம்... ஹலோ... நாப்பத்தேழு வைக்காதே... ஹலோ..."

லைன் போய்விட்டது.