முப்பத்தேழாம் வரிசை

என் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி, பள்ளியின் பெயர் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி உறையிலிட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் வயது நிறையாதவள் என்பதால் அவை இங்கே வரக் கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னார். எனக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். முதலில் நான் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தர் எழுதினார். முதல் பக்கத்திலேயே மூன்று பிழைகளைத் திருத்தச் சொன்னேன். அதன் பிறகு அவர், "தாயே, நீயே எழுதிடு. நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள இது முடியாது" என்று தாளை என் பக்கம் தள்ளினார். அதிகாரி சம்மதித்தார். ஆகவே இது என் கையால் எழுதியது. யாரும் என்னை மிரட்டவில்லை.

என் தந்தை ஆஸ்பத்திரியின் திசு ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதையை மெழுகில் பதித்து விரல் நுனி அளவு பிளாக்காக வைத்திருப்பார்கள். அதை இயந்திரத்தில் வைத்து, வெங்காயத் தோலைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுப்பது அவர் வேலை. மூச்சுப் பட்டால் சீவல் பறந்துவிடும். அந்தப் பழக்கத்தில் வீட்டில் காய் நறுக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அம்மா, "மூச்சு விட்டுக்கிட்டே நறுக்குங்க, கத்தரிக்காய் பறந்துடாது" என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்துவந்தாள். கட்டி ஒன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர், ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்தார்கள். அன்று எனக்குக் கணக்குப் பரீட்சை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்ததால் எழுதவில்லை. அதனால் அந்தத் தேதி எனக்கு மறக்காது. அதன் பிறகு அம்மா ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒன்றரை வருடம் நன்றாக இருந்தாள். மறுபடி வேலைக்கும் போனாள்.

அதற்குள் ஆய்வுக்கூடத் தலைவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். எதைக் கேட்டாலும் "அஞ்சு நிமிஷம்" என்பதால் ஊழியர்கள் அவரை அஞ்சு நிமிஷம் டாக்டர் என்றுதான் தங்களுக்குள் சொல்வார்கள். ஆரம்ப நிலையில் இரைப்பைப் புற்றுநோய் பிடிபட்ட எண்பத்துநான்கு பேரின் பிளாக்குகளைச் சோதித்து, எந்தெந்தப் புரதங்கள் அவற்றில் தென்படுகின்றன, அவை தென்பட்டவர்கள் பின்னால் எப்படி இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அந்த ஆராய்ச்சி. பாரபட்சம் வரக் கூடாதென்று பிளாக்கின் மேல் பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டினார்கள். ஒவ்வொன்றிலும் இருபத்துநான்கு சீவல் எடுக்கச் சொன்னார். என் தந்தையும் அங்கே வேலை செய்யும் ஓர் அக்காவும் பங்குபோட்டுச் சீவினார்கள். எந்த எண்ணை யார் சீவினார் என்று பதிவேட்டில் எழுதினார்கள்; அந்த எண் யாருடையது என்பது இருவருக்கும் தெரியாது.

அதன் பிறகு அம்மாவுக்குக் கல்லீரலில் நோய் வந்தது. புற்றுநோய்ப் பிரிவு டாக்டரம்மா, குறிப்பிட்ட ஒரு புரதம் கட்டியில் இருந்தால் அதற்கென்று மருந்து இருக்கிறது, பழைய பிளாக்கைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று ஆய்வுக்கூடத்துக்குச் சீட்டு அனுப்பினார். பத்தொன்பது நாள் கழித்து, பிளாக்கில் சோதிக்கத் திசு மீதமில்லை என்று தலைவரின் கையெழுத்தோடு பதில் வந்தது. அதன் பிறகு கல்லீரலில் இரண்டு முறை ஊசி குத்திச் சதை எடுக்கப் பார்த்தார்கள். முதல் முறை எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை ரத்தம் நிற்கவில்லை. மூன்றாம் முறை செய்யக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். புரதம் இருப்பதற்கு ஆதாரம் இல்லாததால் அந்த மருந்து கொடுக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன் அம்மா இறந்தாள். அந்த மருந்து கொடுத்திருந்தால் ஒரு வருடம் கூடியிருக்கலாம், கூடாமலும் போயிருக்கலாம் என்று டாக்டரம்மா என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். தலைவர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். அஞ்சு நிமிஷம் நின்றார்.

அம்மா போன பிறகு நான் பள்ளி விட்டதும் ஆய்வுக்கூடத்துக்குப் போய், தந்தையின் வேலை முடியும்வரை படித்துக்கொண்டிருப்பேன். சென்ற மாதம் ஒரு புதன்கிழமை தலைவர் என்னைக் கூப்பிட்டார். மருத்துவர்கள் மாநாட்டில் அவருடைய ஆராய்ச்சிக்குப் பரிசு தருவதாகவும், சுவரில் மாட்டும் பெரிய அட்டவணையைச் சரிபார்க்க வேண்டும் என்றும், நான் தாளைப் பார்த்து வாசிக்க அவர் கணினியில் ஒப்பிடுவார் என்றும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

வாசித்துக்கொண்டே வந்து முப்பத்தேழாம் வரிசையை வாசித்தேன். பெண், வயது முப்பத்தொன்பது, ஒன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர். அதன் பிறகு அறுவைச் சிகிச்சைத் தேதி. அது நான் கணக்குப் பரீட்சை எழுதாத நாள். அதன் பிறகு, டாக்டரம்மா தேடிய அதே புரதத்தின் பெயருக்கு நேராக மூன்று கூட்டல் குறி. மூன்று என்றால் மிக அதிகம் என்று தாளின் அடியிலேயே போட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் "நலம்" என்று இருந்தது. நான் "நலம்" என்று வாசித்தேன். தலைவர் "சரி, அடுத்தது" என்றார்.

மீதி நாற்பத்தேழு வரிசைகளையும் நிறுத்தாமல் வாசித்தேன். முடிந்ததும், எல்லாரும் நலம் என்று யார் விசாரித்தது என்று கேட்டேன். "நம்மகிட்ட திரும்பி வரலன்னா நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம், குட்டி" என்றார். என் வாசிப்பைப் பாராட்டி ஒரு பேனா கொடுத்தார். அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். டாக்டரம்மாவின் சீட்டு வந்தபோது அவருக்கு இது தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்திருந்தால் அவர் மேஜையிலேயே விடை கிடைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அவர் தலைகுனிய வேண்டும், அதுவும் பரிசு வாங்கும் இடத்திலேயே நடக்க வேண்டும் என்று அன்று இரவு முடிவு செய்தேன்.

மறுநாள் என் தந்தை வெந்நீர்த் தொட்டியைக் கழுவப் போனபோது, சீவல் பதிவேட்டை எடுத்து முப்பத்தேழாம் எண்ணின் பக்கத்தைப் பார்த்தேன். அந்த அக்காவின் கையெழுத்து இருக்கும் என்று நினைத்தேன். என் தந்தையின் கையெழுத்து இருந்தது. அதை அவர் பார்க்கக் கூடாதென்று பக்கத்தைக் கிழித்து என் ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமை, தலைவர் சில எழுத்துப்பிழைகளைக் கணினியில் திருத்தச் சொன்னார். திருத்தினேன். கூடவே முப்பத்தேழாம் வரிசையில் "நலம்" என்பதை எடுத்துவிட்டு, "இறந்தார்" என்று தேதியோடு போட்டேன். அதுவும் பிழைத்திருத்தம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை மாநாட்டு மண்டபத்தில் அட்டவணையை மாட்ட என் தந்தை போனார். நானும் போனேன். தலைவர் கழுத்தில் பரிசுப் பட்டையோடு அதன் அருகே நின்றார். நான் டாக்டரம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, "முப்பத்தேழை மட்டும் படிங்க டாக்டரம்மா" என்றேன். அவர் இரண்டு தடவை படித்தார். அதன் பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "மூணு கூட்டல்னு உங்க கையில இருக்கு. எனக்குத் திசு இல்லன்னு எழுதினீங்களே, ஏன் சார்?" என்று கேட்டார். சுற்றிலும் நாற்பது, ஐம்பது மருத்துவர்கள் இருந்தார்கள். தலைவரின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி நீடிக்கவில்லை. பிளாக்கைச் சீவியவர் அசட்டையாகச் சீவி வீணாக்கிவிட்டார், பதிவேட்டைப் பார்த்தால் தெரியும் என்று தலைவர் சொன்னார். திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்தார்கள். அந்தப் பக்கம் இல்லை. என் தந்தைதான் பக்கத்தைக் கிழித்துத் தன் தப்பை மறைத்தார், அட்டவணையையும் கெடுத்தார் என்று தலைவர் இங்கே புகார் கொடுத்தார். என் தந்தை வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். வீட்டுக்கு வந்து, "நான் ஒரு பிளாக்கைக்கூட வீணாக்கினதில்ல பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தைக் கிழித்ததும் வரிசையை மாற்றியதும் நான். என் தந்தைக்கு இரண்டும் தெரியாது. அந்தப் பக்கத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் பதினாறாம் சீவலுக்கு நேராக என் தந்தையின் எழுத்தில் "திசு குறைகிறது, நிறுத்தலாமா?" என்று இருக்கிறது. அதன் கீழே தலைவரின் எழுத்தில் "தொடரவும்" என்று இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. அதன் பிறகு எட்டு சீவல்கள். இருபத்துநான்குக்கு நேராக "திசு முடிந்தது" என்று என் தந்தை எழுதியிருக்கிறார். இதை மாநாட்டு மண்டபத்திலேயே டாக்டரம்மாவிடம் கொடுத்திருந்தால் தலைவர் அங்கேயே வாயடைத்துப் போயிருப்பார். அம்மாவின் பிளாக்கைச் சீவித் தீர்த்தது தன் கைதான் என்று என் தந்தைக்குத் தெரிந்துவிடும் என்பதால்தான் கொடுக்கவில்லை.

இதுவரை எழுதியதை என் தந்தையை வைத்துக்கொண்டு படித்துக்காட்ட வேண்டும் என்று அதிகாரி சொன்னார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வயது நிறையாதவள் வாக்குமூலத்தில் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார். அதன் பிறகு என் தந்தை உள்ளே வந்தார். எழுத்தர் படித்தார். படித்து முடிக்கும்வரை என் தந்தை மூச்சுவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, பதினாறாம் வரியில் விரலை வைத்தார்.

"கேட்டிருக்கேன்" என்றார். விரலை இருபத்துநான்கு வரை இறக்கி, "கேட்டுட்டு, செஞ்சிருக்கேன்" என்றார்.

அதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

என் செயலுக்குத் தண்டனை உண்டென்றால் ஏற்றுக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். தலைவரை விசாரிக்கும் நாளில் இந்தப் பக்கத்தை அவர் முன்னால் வாசிக்கும் வேலையை எனக்குத் தர வேண்டும். ஒன்று முதல் இருபத்துநான்கு வரை வரிசை தவறாமல் வாசிப்பேன். பதினாறில் நிறுத்துவேன். "அடுத்தது" என்று அவரே சொல்லட்டும்.

மேலே உள்ளவை நான் கண்டவையும் செய்தவையுமே. கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. படிக்கக் கேட்டேன், பிழை இல்லை.

(கையெழுத்து) மகள்

என் முன்னிலையில் படிக்கப்பட்டது. இணைத்துள்ள பக்கத்தில் இருப்பதும் இங்கே இடுவதும் என் கையெழுத்தே.

(கையெழுத்து) தந்தை, திசு ஆய்வுக்கூட ஊழியர்